ஒரு மில்லி கூடுதல்

மழைக்குக் கண் கிடையாது என்பவர்கள் எங்கள் பக்கம் வந்து ஒரு பிப்ரவரி மாதம் இருந்து பார்க்க வேண்டும். எங்கள் மழைக்குக் கண் உண்டு. அது வேலியைப் பார்த்துத்தான் நடக்கும். வடகிழக்கே கருத்துக்கொண்டு வரும். எங்கள் ஆட்டுப்பட்டிக்கு மேலே நின்று உறுமும். நான் கொடியில் காயும் பாவாடைகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவேன். தகரக் கூரையில் நாலு சொட்டு விழும். அவ்வளவுதான், வந்த வேலை முடிந்ததுபோல் மேகம் எழுந்துவிடும். வேலியைத் தாண்டி ஃபனுவேல் நிலத்துக்குப் போய் அங்கே கொட்டோ கொட்டென்று கொட்டும். நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். மண்வாசனைகூட எங்களுக்கு ஓசியில்தான் வரும்.

ஃபனுவேல் வேறு யாரோ அல்ல. என் வீட்டுக்காரர் ஏவால்டின் தாய்மாமன் மகன். ஏவால்ட் பால்குடி மறப்பதற்கு முன்பே அவருடைய அம்மா போய்விட்டாள். ஹெங்காரி மாமாதான் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மகனோடு சேர்த்து வளர்த்தார். இரண்டு பையன்களும் ஒரே சுரைக்குடுக்கையில் புளித்த பால் குடித்தவர்கள். இப்போது இருவர் நிலத்துக்கும் நடுவே ஐந்து கம்பி ஓடுகிறது. பார்த்தால் மச்சான் மச்சான் என்று கேலி பேசுவார்கள். எங்கள் ஹெரேரோ சனத்தில் மாமன் மகனும் அத்தை மகனும் கேலி பேசாமல் இருந்தால்தான் பகை என்று அர்த்தம். ஆனால் அந்தக் கேலியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது.

எங்கள் வழக்கத்தில் மாமனின் மாடு மருமகனுக்கு, அப்பனின் தீ மகனுக்கு. மாமா கண்ணை மூடினால் மாடுகள் ஏவால்டுக்கு வரும், முன்னோர் தீயைக் காக்கும் பொறுப்பு ஃபனுவேலுக்குப் போகும். பங்கு நேராகத்தான் இருக்கிறது. அவர் கண்ணை மூடும்வரை பாசம் யாருக்கு என்றுதான் எந்த வழக்கமும் சொல்லி வைக்கவில்லை.

மற்ற மாதங்களில் எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் மாடு நலமா, பிள்ளைகள் நலமா என்று வரிசையாக விசாரிப்போம். மழைக்காலத்தில் அதெல்லாம் அப்புறம். எத்தனை மில்லி என்பதுதான் முதல் கேள்வி. மில்லிமீட்டர் என்று முழுதாகச் சொல்வது ரேடியோக்காரி ஒருத்திதான். ஒரு மில்லி என்பது என்ன பெரிய அளவு? என் கட்டைவிரல் நகம் இரண்டை அடுக்கினால் அவ்வளவுதான். நான் கவுன் தைக்கும்போது ஒரு மில்லி தள்ளித் தைத்தால் போட்டுக்கொள்பவளுக்கே தெரியாது. அதையே மழையில் சொன்னால் ஆண்பிள்ளைகள் முகம் மாறுகிறது. ஐந்து மில்லிக்காரன் பதினைந்து மில்லிக்காரனுக்கு நாற்காலி விட்டு எழுந்திருப்பதை நானே சந்தையில் பார்த்திருக்கிறேன்.

காலையில் ரேடியோவில் மழைக்கணக்கு வரும். முந்தின நாள் மழை கண்டவர்கள் போன் போட்டு ஊர்ப்பெயரும் தங்கள் பெயரும் சொல்லி, அளவுக்குழாயில் எத்தனை மில்லி நின்றது என்று சொல்வார்கள். எங்கள் கிழக்குப் பக்கம் முழுவதும் டீத்தண்ணீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். ஃபனுவேல் முதல் ஆளாகப் போன் போட்டுவிடுவான். இருபத்தெட்டு, நாற்பது, ஒரு தடவை ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று வந்த அன்று ஏவால்ட் எழுந்து போய் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு கழுதையை அடித்தார்.

எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபனுவேலின் பெண்டாட்டி கெர்ட்ரூட் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவாள் பாருங்கள். தரைவரை புரளும் கவுன், மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டிய தலைப்பாகை, எல்லாம் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். கவுனின் விளிம்பில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. மழை பெய்தால் யாருக்கும் சேறு படும்தான். வண்டியில் வந்து வாசலில் இறங்குகிறவளுக்கு எப்படி அவ்வளவு படும்? வேண்டுமென்றே பட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருகிறாள். "ஐயோ, எங்க பார்த்தாலும் சேறு அக்கா, காலே வைக்க முடியல" என்று என்னிடம் சலித்துக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும். என் விளிம்பில் புழுதிதான் இருக்கும்.

மில்லி சொல்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மழை பெய்த இடத்தில் புல் வரும். புல் இருக்கும் இடத்துக்குப் புல் இல்லாத சொந்தக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவான். வந்த மாட்டைத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினவன் பெயர் அவன் பேரப்பிள்ளை காலம்வரை நாறும். இல்லை என்று பொய் சொல்லவும் முடியாது, ரேடியோவில் சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. அதனால் வருஷா வருஷம் ஃபனுவேல் வாசலில்தான் சொந்தக்காரர்களின் மந்தைகள் திரும்பும். ஹெங்காரி மாமாவின் மந்தையும் அங்கேதான். தெற்கே அவருடைய இடத்தில் மணலைத் தவிர எதுவும் முளைக்காது. அந்த மந்தை புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஃபனுவேல் வாசலில் திரும்பும்போது ஏவால்ட் வேலிக்கு இந்தப் பக்கம் கம்பி முறுக்குகிற மாதிரி நின்றுகொண்டிருப்பார். யாருக்காவது தன் புல்லைத் தின்ன வேறு மாடு வரவில்லையே என்று வருத்தம் இருக்குமா? அவருக்கு இருந்தது.

அந்தப் பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் எங்கள் பக்கமும் கொஞ்சம் பெய்தது. காலையில் நான்தான் முதலில் போய் அளவுக்குழாயைப் பார்த்தேன். ஒன்பது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்பது என்றால் பின்பக்கத்து மேய்ச்சல் அடைப்பில் காய்ந்து நிற்கும் பழைய புல்லுக்கு அடியில் கொஞ்சம் பச்சை ஓடும். அந்த அடைப்பை நாங்கள் பூட்டி வைத்திருந்தோம். எங்கள் அப்பா எனக்குக் கொடுத்தனுப்பிய மாடுகளின் வழிவந்த பசுக்கள் அந்த வருஷம் சினையாக இருந்தன. முன்பக்கம் மேய்ந்து தீர்ந்தபிறகு, அடுத்த மழை வரும்வரை, கன்று போட்டுப் பால் வற்றாமல் அவை நிற்க வேண்டுமென்றால் அந்தப் பின் அடைப்பு ஒன்றுதான் வழி. அது போனால் என் பசுக்கள் போகும்.

ஏவால்ட் வந்தார், குழாயைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார், தண்ணீரைக் கீழே கொட்டினார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மழைக்கணக்கு ஆரம்பித்ததும் முதல் குரல் ஃபனுவேலுடையது. முப்பத்தொன்று என்றான். கூடவே ஒரு சிரிப்பு. "பக்கத்து நிலத்துல என் மச்சான் இருக்காரு, அவருக்கும் நாலு சொட்டு விழுந்திருக்கும்னு நம்புறேன்" என்றான். முறைக்காரன் கேலிதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாங்களே சிரித்திருப்போம்.

எங்கள் இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஏவால்ட் ஏணியில் ஏறினார். நான் கீழே வாளியோடு நின்றேன். ஊர்ப்பெயர் சொன்னார், தன் பெயர் சொன்னார். அப்புறம் ஒரு மூச்சு விட்டார்.

"முப்பத்திரண்டு."

நாற்பது என்று சொல்லியிருக்கலாம். அறுபது என்று சொல்லியிருக்கலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவருக்கு அதெல்லாம் வேண்டாம். ஃபனுவேலைவிட ஒன்று. ஒரே ஒரு மில்லி. உள்ளே ரேடியோவில் அந்தப் பெண் கிழக்குப் பக்கத்தில் இன்று இதுவே அதிகம் என்று பாராட்டிப் பேசியது திறந்த சன்னல் வழியாக எனக்குக் கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று எனக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பும் முன் ஆட்டுத் தொட்டி பக்கம் போய், வாளித் தண்ணீரை மண்ணில் ஊற்றி, அதன்மேல் ஒரு நடை நடந்தேன். கெர்ட்ரூட்டின் பார்வை என் விளிம்புக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் தங்கிவிட்டு, என் முகத்துக்கு வந்தது. "எங்க பார்த்தாலும் சேறு" என்றேன் நான். வாழ்க்கையில் நான் ரசித்துச் சொன்ன வாக்கியங்களில் அது ஒன்று.

அடுத்த வாரம் ஹெங்காரி மாமா போன் செய்தார். தொட்டியின்மேல் நின்று பேசிவிட்டு ஏவால்ட் ஏணியில் இறங்கியதே தனி நடையாக இருந்தது. மாமா மந்தையோடு வருகிறார், எங்கே வருகிறார் தெரியுமா என்று என்னையே கேட்டார். ஃபனுவேல் வீட்டுக்கு இல்லை. இங்கே.

நமக்குப் பெய்தது ஒன்பதுதானே என்றேன். அவர் காதிலேயே விழவில்லை. மாமாவுக்குப் படுக்க எந்த அறை, எந்தக் கிடாயை அடிப்பது என்று போய்விட்டார்.

மந்தை வந்த காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தெற்கிலிருந்து வருகிற பாதை முதலில் ஃபனுவேல் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் எங்களிடம் வரும். முன்னால் வருகிற கிழட்டு எருதுக்கு அந்த வாசல் பழக்கம். அது தானாகவே அங்கே திரும்பப் பார்த்தது. மேய்ப்பவன் சாட்டையைச் சொடுக்கி அதை நேரே ஓட்டினான். ஃபனுவேல் தன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மந்தை அவனைத் தாண்டி, அந்தப் புழுதி முழுவதும் அவன்மேல் படிய, எங்கள் வாசலில் திரும்பியது. பின்னால் வண்டியில் மாமா. ஏவால்ட் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி மாடு நுழைந்த பிறகும் அவர் அந்தக் கதவை விடவில்லை. கல்யாணத்தன்றுகூட என் கையை அவர் அப்படிப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை, திருவிழாவாக இருந்தது. மாமா பெரிய முள்மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அடுப்பில் களிப்பானை இறங்கவே இல்லை. ஏவால்ட் மாமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எந்தப் பசு எந்தப் பசுவின் மகள் என்று பழங்கதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். வெளியே அவ்வளவு சிரிப்பை எங்கள் வாசலில் நான் கேட்டதில்லை. வந்து பார்த்த கெர்ட்ரூட் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, "மாமா எங்க வாசப்பக்கம் தலையைக்கூடத் திருப்பல அக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கு முப்பத்தொண்ணுதானே" என்று சொன்னேன். பாவம் என்று ஒரு மனசு சொன்னது, நன்றாக வேண்டும் என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டாவது மனசுக்குக் குரல் பெரிது.

ஆனால் மாடு திருவிழாவா பார்க்கும்? அது புல்லைப் பார்க்கும். ஒன்பது மில்லிக்கு என்ன முளைக்குமோ அதுதான் முன்பக்கம் முளைத்திருந்தது. மாமாவின் மந்தை அதைச் சவரம் செய்த மாதிரி வழித்துவிட்டது. மாடுகள் வேலியோரம் நின்று ஃபனுவேல் பக்கத்துப் புல்லைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தன. எங்கள் மாடுகளும் சேர்ந்து கத்தின. வீட்டுக்காரர் பழக்கம் மாட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாமா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, நாளைக் காலையில் அந்தப் பின் அடைப்பைத் திறந்துவிடலாம் என்றார். முப்பத்திரண்டு மில்லியும் அந்தப் பக்கம்தான் பெய்திருக்கும் போலிருக்கிறது, முன்பக்கத்தில் அதன் அடையாளத்தைக் காணோம் என்றார். மாட்டை அதற்குள் ஓட்டிவிட ஃபனுவேலையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். ஏவால்ட் சரி மாமா என்றார்.

விடிந்ததும் பால் கறக்கிற இடத்தில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த அடைப்பைத் திறந்தால் ஒரு மாதம் தாங்காது, அப்புறம் என் பசுக்கள் கன்றை வயிற்றில் வைத்துக்கொண்டே சாயும் என்று சொன்னேன். ஒன்பது என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஊரே கேட்ருக்கு, கவேசெரி" என்றார் என் பெயரைச் சொல்லி.

"ஊரா வந்து நம்ம பசுவுக்குப் புல்லு போடும்?"

"ஃபனுவேல் முன்னால என்னால சொல்ல முடியாது" என்றார். பால் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமா அவன் வாசலைத் தாண்டி என் வாசலுக்கு வந்தாரு. சின்ன வயசுலருந்து ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்ல. உனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. இந்த மனுஷர் தன் மாமனுக்காக என் பசுக்களைக் கொல்லப் போகிறார் என்று நினைத்தபோது, என் வீட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவர்மேலே எனக்குப் பொறாமை பொங்கியது. என்னை ஒரு நாளும் இவர் அப்படிப் பார்த்ததில்லை.

பின் அடைப்பின் கதவுக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். மாமா கைத்தடியோடு முன்னால், ஃபனுவேல் அவருக்குப் பக்கத்தில், ஏவால்ட் சாவியோடு. நான் யாரும் கூப்பிடாமலே பின்னால் போனேன். மாடுகள் எங்களுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றன. கதவுக்கு அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது, முக்கால்வாசி போன வருஷத்துப் புல். ஏவால்ட் பூட்டைக் கையில் எடுத்தார்.

"மாமா" என்றேன். "இங்க முப்பத்திரண்டு பெய்யலைன்னு வச்சுக்குங்க. அப்பவும் திறக்கணுமா?"

ஏவால்ட் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மாமா சிரித்தார். சத்தமில்லாத, நல்ல சிரிப்பு.

"பெய்யலைன்னு எனக்குத் தெரியாதா பிள்ளே? வந்து இறங்கின அன்னைக்கே தடியை மண்ணுல குத்திப் பாத்தேனே. ஒரு சாணுக்குக் கீழ எல்லாம் பொடி. எட்டோ ஒம்பதோ பெஞ்சிருக்கும்."

ஏவால்டின் கை பூட்டிலேயே நின்றது. தெரிந்துமா இருந்தீர்கள் என்று கேட்டார்.

"மழையை நம்பியா வந்தேன்? உன் வாயை நம்பி வந்தேன். ரேடியோவுல முப்பத்திரண்டுன்னு சொன்னவன் மாமன் மாட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? உன் வார்த்தையைத்தான்டா என் மாடு இத்தனை நாளா மேயுது."

அதில் கோபம் ஒன்றும் இல்லை. சந்தையில் எருது விலை பேசுகிறவர் குரல்தான். ஃபனுவேல் தலையைக் குனிந்துகொண்டான். மாமாவின் இந்தக் கணக்கு அவனுக்கு முன்பே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஏவால்ட் அவனைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"பக்கத்துல நிஜமாவே முப்பத்தொண்ணு பெஞ்சிருக்கே மாமா. அங்க ஏன் போகல?"

மாமா ஃபனுவேலின் தோளில் கையை வைத்தார். யோசித்துவிட்டெல்லாம் வைக்கவில்லை. கை தானாகப் போனது.

"வருஷா வருஷம் இவன் புல்லைத்தானே தின்னோம். இந்த வருஷமாவது இவனுக்குக் கொஞ்சம் மிஞ்சட்டுமே."

மணி என்ன இருக்கும் என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். வாசலைத் தாண்டி வந்ததற்கு அவ்வளவுதான் காரணம். நான் ஏவால்டைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏவால்ட் பூட்டிலிருந்து கையை எடுத்தார். சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஒம்பது மாமா. எனக்குப் பெஞ்சது ஒம்பது மில்லி."

"அதான் தெரியும்னேனே."

"ஃபனுவேல் என் வாயால கேக்கல. அவனுக்குச் சொன்னேன்."

மாமா தடியால் மண்ணைக் கிளறினார். பிறகு, இங்கே சொன்னால் போதாது என்றார். ரேடியோவில் சொன்னதை ரேடியோவில்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மருமகன் மாமனைத் துரத்திவிட்டான் என்று ஊர் பேசும், உனக்கும் கெட்ட பேர், எனக்கும் கெட்ட பேர் என்றார். அது நியாயம்தான். கிழவர் எதையும் அநியாயமாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஃபனுவேல் குறுக்கே வந்து, வேண்டாம் மச்சான், மாடு என் பக்கம் வரட்டும், அதற்கு வயிறு சரியில்லாததால் திருப்பினோம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றான். ஏவால்ட் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் தொட்டியின்மேல் ஏறினார். நான் கீழே நின்றேன். மாமாவும் ஆட்களும் மரத்தடியில் ரேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு குரலும் மரத்தடியில் ஒரு குரலுமாக அதே குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. ஊர்ப்பெயர் சொன்னார், பெயர் சொன்னார். முன்பு சொன்ன கணக்கு தப்பு, ஒன்பது என்றார்.

அந்த ரேடியோக்காரிக்கு இரக்கமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. "ஒன்பதா ஐயா? அப்போ அந்த முப்பத்திரண்டு எங்கேருந்து வந்தது?" என்று கேட்டாள்.

"அது என் மச்சானுக்குப் பெஞ்சதைவிட ஒண்ணு கூட."

ரேடியோக்காரி அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். கிழக்கு முழுவதும் சிரித்திருக்கும். கோபாபிஸ் நகரச் சந்தையில் இன்றைக்கும் யாராவது விலையைக் கூட்டிச் சொன்னால், "ஏவால்ட் மில்லியா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

மாமா அன்றைக்கே கிளம்பிவிட்டார். போகும்போது என் தலையில் கையை வைத்து, உன் களி நன்றாக இருந்தது என்றார். மந்தை வாசலைவிட்டுப் போய், பாதையில் திரும்பி நடந்து, ஃபனுவேல் வாசலில் நுழைந்தது. கிழட்டு எருதுக்கு இந்தத் தடவை சாட்டை தேவைப்படவில்லை. ஏவால்ட் தொட்டியைவிட்டு இறங்கவே இல்லை. அங்கிருந்து எல்லாம் தெரியும். நானும் ஏணியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஃபனுவேல் தன் அப்பாவை வண்டியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினான். மாமா அவன் தொப்பியைத் தட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டே புல்லுக்குள் நடந்தார்கள், தோளில் கை போட்டுக்கொண்டு. இத்தனை நாள் எங்கள் மரத்தடியில் இருந்தவர் ஒரு தடவைகூட அப்படி நடக்கவில்லை. எனக்கே நெஞ்சு எரிந்தது. ஏவால்டுக்கு எப்படி இருந்திருக்கும்?

"புல்லு தப்பிச்சுது" என்றேன். வேறு எதைச் சொல்ல?

அவர் ம் என்றார். வேலிக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாடுகள் தலையைக் குனிந்து மேய ஆரம்பித்திருந்தன. பார்வையைத் திருப்பாமலே பேசினார்.

"நம்ம வீட்ல இருந்தப்ப மாமா என்னை ஒரு தடவை மகனேன்னு கூப்பிட்டாரு. மருமகனேன்னு இல்ல. மகனேன்னு. நீ கேட்ட இல்ல?"

மாமா இருந்த நாளெல்லாம் நான் அவர்கள் இருவருக்கும் பால் ஊற்றிக்கொண்டும் தட்டு எடுத்துக்கொண்டும் பக்கத்திலேயேதான் இருந்தேன். மாமா அப்படி ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

"கேட்டேன்" என்றேன்.